வாரிங் வினாவும் இருநூறு ஆண்டுத் தேடலும்

ஏழு என்னும் எண்ணை வர்க்க எண்களின் கூடுதலாக எழுதிப் பாருங்கள். 4+1+1+1 என நான்கு எண்கள் வேண்டும், மூன்றால் இயலாது. இருபத்து மூன்றைக் கன எண்களால் எழுத முற்பட்டால், 8 இரண்டு முறையும் 1 ஏழு முறையுமாக ஒன்பது எண்கள் தேவைப்படும். எழுபத்தொன்பதை நான்காம் படி எண்களால் எழுதுவோம். 79ஐ விடச் சிறிய நான்காம் படி எண்கள் 1, 16 ஆகிய இரண்டே. எனவே, 16 நான்கு முறையும் 1 பதினைந்து முறையுமாகப் பத்தொன்பது வேண்டும்.

எந்த இயல் எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள், ஒன்பது கனங்கள், பத்தொன்பது நான்காம் படிகள் போதும் என்று இங்கிலாந்து நாட்டு எட்வர்டு வாரிங் 1770இல் எழுதினார். அடுத்தடுத்த படிகளுக்கும் இத்தகைய எல்லை உண்டு என்றார். ஆனால், அவர் அதனை மெய்ப்பிக்கவில்லை. ஆயிரம் எண்களைச் சோதித்து உண்மை எனக் கண்டாலும், ஆயிரத்து ஒன்றாவது எண் அதனைப் பொய்யாக்கிவிடக்கூடும். கணிதத்தில் எடுத்துக்காட்டு வேறு, மெய்ப்பிப்பு வேறு.

வர்க்கங்களுக்கான மெய்ப்பிப்பை லெக்ராஞ்சி அதே ஆண்டில் அளித்தார். பிறவற்றுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு படிக்கும் எல்லை ஒன்று உண்டு என்பதை 1909இல் செருமானிய அறிஞர் இல்பர்ட் நிறுவினார். அந்த எல்லை எது என்பதை அவரது மெய்ப்பிப்பு காட்டவில்லை. ஹார்டியும் இராமானுசனும் வேறொரு சிக்கலுக்காக உருவாக்கிய வட்ட முறையை, ஹார்டியும் லிட்டில்வுட்டும் இவ்வினாவுக்கு ஏற்றவாறு வளர்த்தனர்.

1936இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ். எஸ். பிள்ளையும் அமெரிக்க அறிஞர் டிக்சனும் ஒருவரையொருவர் சாராமல், ஏழாம் படி முதலான உயர் படிகளுக்குரிய வாய்பாட்டை நிறுவினர். ஆறாம் படிக்கு 73 போதும் என்பதைப் பிள்ளை 1940இல் மெய்ப்பித்தார். அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்ட அவர், 1950 ஆகத்து 31ஆம் நாள் கெய்ரோவுக்கு அருகில் நேர்ந்த விமான விபத்தில் உயிர்நீத்தார். அப்போது நான்காம் படியும் ஐந்தாம் படியும் விடை காணாமலே இருந்தன.

எனினும் தேடல் நின்றுவிடவில்லை. ஐந்தாம் படிக்கு 37 என்பதைச் சீன அறிஞர் சென் சிங்ருன் 1964இல் நிறுவினார். வாரிங் கூறிய பத்தொன்பது சரியே என்பதை 1986இல் இந்தியாவின் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சு அறிஞர்களான டெசூயே, திரெஸ் ஆகியோரும் மெய்ப்பித்தனர். வினா எழுந்து அப்போது 216 ஆண்டுகள் கடந்திருந்தன.

பிள்ளையும் டிக்சனும் கண்ட வாய்பாடு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அந்நிபந்தனை பிறழும் படி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. எங்கும் பிறழாது என்று மெய்ப்பிக்கப்படவும் இல்லை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்த இந்நெடும் பயணத்தில், அடுத்த அடியை எடுத்துவைப்பவர் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவராகவும் இருக்கலாம்.