வலி எங்கே ஓடுகிறது?

பங்குனி, சித்திரை வந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள முந்திரிக் காடுகளில் குனிந்த முதுகு நிமிராமல் கொட்டை பொறுக்குவார்கள். என் அத்தையும் அப்படித்தான். ஒரு வருஷம் அவருக்குக் குறுக்கு பிடித்துக்கொண்டது. "ஒரு ஊசி போட்டா நாளைக்கே வேலைக்குப் போயிடலாம்" என்றார்கள். போட்டார், வலி விட்டது. பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடி ஊசி. எத்தனை போட்டார் என்று அவருக்கே கணக்கில்லை. சர்க்கரை ஏறி, முகம் உப்பிய பிறகுதான் அது ஸ்டீராய்டு என்று வீட்டுக்குத் தெரிந்தது.

இரண்டு வகை ஊசியும் ஒன்றல்ல

புட்டத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி உடம்பு முழுக்கப் பரவும். சாதாரண இடுப்பு வலிக்கு அதனால் பெரிய பலன் இல்லை. அடிக்கடி போட்டால் எலும்பு தேயும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். நீண்ட நாள் போட்டுக்கொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

சிறப்பு மருத்துவர்கள் போடும் எபிடூரல் ஊசி வேறு. முதுகுத்தண்டுக்குள், நரம்பு உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் மருந்தைச் செலுத்துவார்கள். ஊசி முனை போகும் இடத்தை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே போடுவது நல்லது. 1952 முதலே இந்த முறை இருக்கிறது.

யாருக்குப் போடலாம்?

பின்னாளில் பார்த்த மருத்துவர் அத்தையிடம் கேட்ட முதல் கேள்வி, "வலி எங்கம்மா ஓடுது?" அத்தை இடுப்பில் விரலை வைத்து, புட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை இழுத்துக் காட்டினார். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி இப்படித்தான் ஓடும். எபிடூரல் ஊசி உதவக்கூடியது இந்தக் கால் வலிக்கே. இடுப்போடு நின்றுவிடும் வலிக்கு முதுகுத்தண்டில் ஊசி வேண்டாம் என்று 2016-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் சொன்னது.

பலனும் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள்தான். ஊசி ஜவ்வை உள்ளே தள்ளாது. நரம்பைச் சுற்றிய வீக்கத்தைத் தணிக்கும். பெரும்பாலோருக்குப் பிதுங்கிய ஜவ்வு மாதக்கணக்கில் தானே சுருங்கும். அதுவரை நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் ஊசி இடம் கொடுக்கிறது. அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாமல் நேரே முந்திரிக் காட்டுக்குப் போனால் போட்ட ஊசி வீண்.

போடுமுன் சொல்லுங்கள்

சர்க்கரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்; ஊசிக்குப் பின் சில நாட்கள் அளவு எகிறும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சலோ தோலில் சீழோ இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. அரிதுதான், ஆனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊசிக்குக் காத்திருக்காதீர்கள்

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுங்கள். இரவானாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள்.