நடுவர் தீர்ப்புக்குப் பிறகு எந்த நீதிமன்றம்?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 'தகராறு வந்தால் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்ட சிறு ஒப்பந்தக்காரர்களும் சரக்கு கொடுப்பவர்களும் இனி கோர்ட் வாசலை மிதிக்க வேண்டாம் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் எதிர்த்தரப்பு சொத்தை விற்றுவிடாமல் இடைக்காலத் தடை கேட்கவும், நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கோரவும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். 1996ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 9, 34 பிரிவுகள் அதற்கானவை.

எந்த ஊர் என்பதை ஒப்பந்தத்தில் குறித்திருக்கும் நடுவர் அமர்விடம் முடிவு செய்யும். அந்த ஊரில் எந்த நீதிமன்றம் என்பதைத் தீர்மானிப்பது கோரிக்கைத் தொகை. பலர் இடறுவது இங்கேதான்.

வணிகத் தகராறாக இருந்து, மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் பொருந்தும். முதலில் 1 கோடியாக இருந்த இந்த வரம்பு 2018இல் 3 லட்சமாகக் குறைந்தது. அதனால் முன்பு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போன ஏராளமான சிறு வழக்குகள் இப்போது வணிக நீதிமன்றத்துக்குரியவை. சென்னை நகரில் இன்னொரு கோடும் உண்டு: 1 கோடி வரை நகர உரிமையியல் நீதிமன்ற அளவிலான வணிக நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவு. டெல்லியில் அந்தக் கோடு 2 கோடி. ஒரு தரப்பு வெளிநாட்டவராக இருக்கும் வணிக நடுவர் வழக்கென்றால் தொகை எதுவானாலும் உயர் நீதிமன்றம்தான்.

தொகையை எப்படிக் கணக்கிடுவது? வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நடுவர் முன் வைத்த கோரிக்கையையும், இருந்தால் எதிர்க்கோரிக்கையையும் கூட்ட வேண்டும். நடுவர் கடைசியில் கொடுக்கச் சொன்ன தொகை அளவுகோல் அல்ல. சென்னையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் 70 லட்சம் பாக்கி கேட்கிறார், உரிமையாளர் தரக்குறைவு என்று 45 லட்சம் எதிர்க்கோரிக்கை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவர் 20 லட்சம் மட்டுமே கொடுக்கச் சொன்னாலும் கணக்கு 1 கோடியே 15 லட்சம். ஆகவே உயர் நீதிமன்றம். எதிராளி போடும் எதிர்க்கோரிக்கையே நம் வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு நகர்த்திவிடலாம் என்பது சிறிய தரப்புக்குச் சுமைதான். ஆனாலும் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

மாவட்டங்களில் இன்னொரு குழப்பம் இருந்தது. முதன்மை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழான நீதிமன்றம் நடுவர் வழக்கைக் கேட்கலாமா என்ற கேள்வி அது. வணிக நீதிமன்றமாக அறிவிக்கப்பட்டிருந்தால், அது சார்பு நீதிபதி நிலையில் இருந்தாலும் கேட்கலாம் என்று 2022இல் ஒடிசா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுப் போடும் முன், உங்கள் மாவட்டத்தில் எந்த நீதிமன்றம் அப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஏன் இத்தனை கவனம்? கையெழுத்திட்ட தீர்ப்பு நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ரத்து மனு போட வேண்டும். போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்குப் பிறகு ஒரு நாள் தாமதத்தையும் நீதிமன்றம் மன்னிக்க முடியாது. மனு போட்டதாலேயே தீர்ப்பு நிறைவேற்றம் நின்றுவிடாது. தடை கேட்டுத் தனி மனு வேண்டும். எதிர்த்தரப்போ உங்கள் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே நேராக நிறைவேற்ற மனு போடலாம். 2018இல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நீங்கள் தவறான நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே ஜப்தி வந்துவிடலாம்.

தவறான நீதிமன்றத்தில் போட்டுவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. காலவரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் அங்கே வழக்கை நடத்தியிருந்தால் அந்தக் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். 34ஆம் பிரிவு மனுக்களுக்கும் இது பொருந்தும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கு, முதல் மனு போட்ட தேதியும் திருப்பித் தந்த உத்தரவின் தேதியும் தெரியும் சான்று நகல்கள் கையில் இருக்க வேண்டும். மனு திரும்பி வந்ததும் ஒரு நாளும் தள்ளாமல் சரியான நீதிமன்றத்தில் போட்டுவிடுங்கள்.