மணக்காத பீரோ

பெங்களூருவின் மஞ்சள் தட மெட்ரோவில் சில்க் போர்டைத் தாண்டி பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா என்று போகும்போது வெளியே பார்த்தால் முதலில் கண்ணில் படுவது துணிதான். மொட்டைமாடிக் கொடி, பால்கனிக் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி என்று கிடைத்த இடத்திலெல்லாம் துணி காய்கிறது. கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி இது. பகலெல்லாம் ஊருக்குச் சட்டை தைத்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள், தங்கள் வீட்டுத் துணியைத் துவைப்பது இரவில். ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களும் அப்படித்தான். காலையில் கிளம்பும் அவசரத்தில் தொட்டுப் பார்த்து, "காய்ஞ்ச மாதிரிதான் இருக்கு" என்று மடித்து பீரோவுக்குள் வைத்துவிடுகிறோம்.

வம்பு அந்த 'மாதிரி'யில்தான் ஆரம்பிக்கிறது.

துணி அலமாரியை ஒழுங்காக வைப்பது அழகுக்கான வேலை என்றே நினைக்கிறோம். விருந்தாளி வந்தால் கதவைச் சாத்திவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த அலமாரி நிற்பது, தினமும் ஏழெட்டு மணி நேரம் நாம் மூச்சு விட்டுத் தூங்கும் அறையில். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தால் போதும். நல்ல பீரோவில் எந்த வாசனையும் வராது. ஏதாவது வாசனை வந்தால், அது ஒரு தகவல்.

முதல் வாசனை: ஈரப் பூஞ்சை

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைப் போல வியர்த்துக் கொட்டாததால் இங்கே காற்று உலர்ந்தது என்று தோன்றும். உண்மையில் ஜூனிலிருந்து நவம்பர் வரை தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இந்த ஊரைத் தொடுகின்றன. அந்த மாதங்களில் பல நாள் காலையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேலேயே நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

அலமாரிக்குள் ஈரம் போகும் வழிகளில் முதலாவது, அரைகுறையாகக் காய்ந்த துணி. மெஷினில் சுற்றிப் பிழிந்த பிறகும் ஒரு முழுச் சுமைத் துணியில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கியிருக்கும். படுக்கையறைக்குள் கொடி கட்டிக் காயப் போட்டால் அவ்வளவு தண்ணீரும் அந்த அறைக் காற்றில்தான் கலக்கும். இரண்டாவது, சுவர். 30 x 40 அடி மனையில் மூன்று நான்கு மாடி எழுப்பிய வாடகை வீடுகளில், குளியலறைச் சுவரின் மறுபக்கம்தான் பெரும்பாலும் அலமாரி. குழாய் கசிந்தால் ஓதம் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கே. பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா, பின்பலகை தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓனரிடம் சொல்லிக் குழாயைச் சரிசெய்வதுதான் வழி. மேலே மேலே பெயிண்ட் அடிப்பதால் பயனில்லை.

பூஞ்சையின் நுண்வித்துகள் மூக்கில் ஏறினால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். இதே ஈரத்தை நம்பித்தான் தூசி உண்ணியும் வாழ்கிறது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்னும் இந்த உயிரி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. அதன் எச்சம்தான் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதனால் பெருக முடியாது.

பெங்களூருவுக்கு இது சாதாரண விஷயமல்ல. குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் இந்த ஊர் மருத்துவமனைக்கு வந்த 20,000 குழந்தைகளை இருபது ஆண்டுக் காலம் கவனித்துப் பதிவு செய்தார். ஆஸ்துமா உள்ளவர்கள் 1979-ல் 9 விழுக்காடு, 1999-ல் 29.5 விழுக்காடு. வாகனப் புகை, மகரந்தம் என்று காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை நம் கையில் இல்லை. பீரோவின் ஈரம் நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது வாசனை: அந்துருண்டை

பாச்சை உருண்டை, ரசகற்பூரம், நாப்தலின் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை உருண்டை. 'சுத்தத்தின் வாசனை' என்று சிறுவயதிலிருந்து நம் மூக்கு பழகிவிட்டது. பூச்சி சாக வேண்டுமானால் காற்றுப் புகாத பெட்டிக்குள் அதன் ஆவி அடர்ந்து நிற்க வேண்டும். தினமும் பத்து தடவை திறந்து மூடும் பீரோவில் அது நடக்காது. பூச்சிக்குப் போக வேண்டியதை நாம் சுவாசிக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2002-ல் நாப்தலினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் நாப்தலின் அந்துருண்டைகளைத் தடை செய்தது. அதைவிட உடனடியான ஆபத்து கைக்குழந்தைக்கு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு நாப்தலின் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். பச்சைக் குழந்தையாக இருந்தால் மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைக்கூடப் பாதிக்கலாம். பாட்டி ஆசையாக எடுத்து வைத்த பழைய துணியில், அந்துருண்டை வாசம் போகாமல் குழந்தையைச் சுற்றுவது நம் வீடுகளில் சகஜம். அப்படிப்பட்ட துணியைப் பல நாள் வெயிலில் போட்டு, துவைத்து, வாசம் முழுக்கப் போன பிறகே குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும்.

குழந்தை உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் பால், எண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். கொழுப்போடு சேர்ந்தால் நஞ்சு உடலில் வேகமாக ஏறும். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். பூஜைக் கற்பூரமும் பாதுகாப்பான மாற்று கிடையாது. அதை விழுங்கினால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

சரி, பூச்சிக்கு என்னதான் செய்வது? எந்தப் பூச்சி எதைத் தின்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அந்துப்பூச்சியின் புழு விரும்புவது பட்டும் கம்பளியும். பருத்தி, பாலியஸ்டர் நிறைந்த தட்டுக்கு உருண்டையே தேவையில்லை. வெள்ளி நிறத்தில் ஓடும் இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து பிடிக்கும். கஞ்சி போட்ட புடவையை மாதக்கணக்கில் மடித்து வைத்தால் நாமே அதற்குப் பந்தி விரித்த மாதிரி. நெடுநாள் உள்ளே இருக்கப் போகும் துணியை அழுக்கும் கஞ்சியும் இல்லாமல் வையுங்கள். பட்டுப் புடவையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். வேப்பிலை, வசம்பு வைப்பவர்கள் நன்றாகக் காய்ந்ததை வைக்க வேண்டும். பச்சை இலை அதன் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டுதான் உள்ளே வரும்.

மூன்றாவது வாசனை: புதுசு

புது வார்ட்ரோபைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வரும். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு அது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் 2004-ல் சேர்க்கப்பட்டது. பலகை வாங்கும்போது 'இ1' அல்லது 'இ0' தரம் என்று கேட்டு வாங்குங்கள். செய்து முடித்ததும் அன்றைக்கே துணி அடுக்காமல், கதவுகளைத் திறந்து வைத்து, ஜன்னலையும் திறந்து வைத்து, சில வாரம் நெடி இறங்க விடுங்கள்.

கசங்காத சட்டைகளிலும் இதே வேதிப்பொருள் இருக்கலாம். புதுத்துணியை மஞ்சள் தடவி உடனே போட்டுக்கொள்வது வழக்கம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே துவைத்து வைத்துவிட்டு, அன்று மஞ்சள் வைத்துக்கொள்ளலாமே. தோல் அரிப்பு மிச்சம்.

நான்காவது வாசனை: வியர்வை

"ஒரு தடவைதானே போட்டேன்" என்று கழற்றிய சட்டை, துவைத்த சட்டைகளின் நடுவே போவதை நிறுத்துங்கள். அழுக்கென்று சொல்லவும் முடியாமல் சுத்தமென்று சொல்லவும் முடியாமல் இருக்கும் துணிக்குக் கதவுக்குப் பின்னால் காற்றோட்டமாக இரண்டு கொக்கி போதும். இரண்டு நாளுக்கு மேல் அங்கே தொங்கினால் துவைக்கப் போக வேண்டும்.

இது வெறும் சுத்தம் பற்றிய பேச்சில்லை. படர்தாமரை கடந்த சில ஆண்டுகளாக இந்தியா முழுக்கப் பிடிவாதமான நோயாகிவிட்டது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு பூஞ்சை வகைக்கு 2020-ல் 'டிரைகோஃபைட்டன் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள்; பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு வழியே வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும். பாதிக்கப்பட்டவரின் துணியைத் தனியாக 60 டிகிரி சூட்டில் துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டுத் தனித் தட்டில் வைக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் அரிப்பை அடக்கும். பிறகு நோயைப் பரப்பிவிடும்.

சிரங்கு வந்த வீட்டில் துவைக்க முடியாத துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். சிரங்கு உண்ணி மனித உடலை விட்டுப் பிரிந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

வாசனை தராத விருந்தாளி

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு கடித்த பிறகு எங்கே போய் உட்காருகிறது தெரியுமா? இருட்டும் குளிர்ச்சியுமான மூலைகளில். கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணிகளின் மடிப்பில், பாதி திறந்து கிடக்கும் அலமாரிக்குள். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. தண்ணீர் தேங்காமல் பார்ப்பதுதான் முதல் வேலை. அதோடு, திணித்து வைத்த அலமாரியின் தரையையும் துணிக்குவியலையும் வாரம் ஒருமுறை கலைத்துவிட்டால் கொசுவின் ஓய்வறை காலியாகும். இந்தக் கொசு பகலில் கடிப்பது. காலையில் கதவைத் திறந்து சட்டையை எடுக்கும் கையைத்தான் அது முதலில் பார்க்கும்.

அடுக்கும் முறை

- ஒவ்வொரு தட்டிலும் நான்கில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். அது காற்றின் பங்கு.
- துணி காய்ந்ததா என்பதைத் தையலிலும் இடுப்புப் பட்டியிலும் காலரிலும் தொட்டுப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்தாலும் அங்கே ஈரம் நிற்கும். சந்தேகம் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே போடுங்கள்.
- இஸ்திரி போட்ட சூட்டோடு உள்ளே வைக்காதீர்கள். ஆறட்டும்.
- பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். தரைத்தள வீடு என்றால் கட்டை வைத்து உயர்த்துங்கள்.
- டிரை கிளீனிங் கொடுத்த துணியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, வெளியே காற்றாட விட்ட பிறகே உள்ளே வையுங்கள்.
- பூஞ்சை பிடித்த பலகையை மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு மூடுங்கள். பிளீச்சிங் திரவத்தை வேறு கழுவும் திரவத்தோடு கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.
- ஒரு வருடமாகத் தொடாத துணியை, நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

குழந்தையும் பாட்டியும்

கனமானது கீழே, லேசானது மேலே. பெட்டிகளை பீரோவின் தலையில் ஏற்றி, இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கிக் குழந்தை ஏறினால் முழு பீரோவும் சாயும். குழந்தைகள் இறந்த பிறகு, 2016-ல் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. உயரமான அலமாரியைச் சுவரோடு 'எல்' வடிவப் பட்டையால் பிணைக்க ஒரு கார்ப்பெண்டருக்கு அரை மணி நேர வேலை.

வயதானவர்கள் தினமும் எடுக்கும் துணி, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். லாஃப்டிலிருந்து கம்பளி எடுக்க நாற்காலி மேல் ஏறி இடுப்பெலும்பு முறிந்தவர்களை எலும்பு மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். புடவைக்கு அடியில் மாத்திரை டப்பா வைப்பவர்கள் அதைக் குழந்தையின் கைக்கு எட்டாதபடி பூட்டிய இழுப்பறைக்கு மாற்றுங்கள்.

கலைந்த அலமாரி, கலைந்த மனம்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது குப்பை கூளம், முடியாத வேலை என்ற பொருளில் அதிகம் பேசிய பெண்களுக்கு, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் பகல் போகப்போக இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. அலமாரி யார் வேலை என்று வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருப்பதை இது நினைவூட்டுகிறது. அவரவர் தட்டை அவரவர் அடுக்குவதும் ஒரு சிகிச்சைதான்.

எதையும் தூக்கிப் போட முடியாமல் அறை நிறையச் சேர்த்துக்கொண்டே போவது சோம்பல் இல்லை. 2013 முதல் மனநல மருத்துவத்தில் தனி நோயாகவே அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. திட்டினால் குணமாகாது, பேசிச் சரிசெய்யும் சிகிச்சை உண்டு. பெங்களூரு ஓசூர் சாலையில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

எப்போது மருத்துவரிடம்?

வீட்டில் இருக்கும்போது மட்டும் தும்மல், ஊருக்குப் போனால் சரியாகிறது என்றால் அதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு இருமல், மூச்சிழுப்பு, இரண்டு வாரத்தில் ஆறாத வட்ட வட்டமான அரிப்பு, காப்பி நிறத்தில் சிறுநீர், குழந்தையின் கண்ணில் மஞ்சள் என இவற்றில் எதையும் தள்ளிப் போடக் கூடாது. கடைசி இரண்டுக்கும் அன்றைக்கே போக வேண்டும். மற்றவற்றுக்கு வார்டிலுள்ள அரசு 'நம்ம கிளினிக்'கில் தொடங்கலாம். மூச்சுப் பிரச்சினைக்கு நிமான்ஸ் அருகே ராஜீவ் காந்தி மார்பு நோய் நிறுவனம் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் ஜன்னலைத் திறந்து, பீரோ கதவுகளையும் அகலத் திறந்து, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு மூடிவிட்டு, சாயங்காலம் திறந்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். மூக்கு எதையும் சொல்லவில்லை என்றால் உங்கள் பீரோ நலமாக இருக்கிறது.