அது டாரன்டுலா இல்லீங்க, ஓநாய் சிலந்தி!

போன மழைக்காலத்துல, பள்ளிக்கரணை பக்கம் நான் இருந்த கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டுக்குள்ள ஒரு பெரிய சிலந்தி வந்துச்சு. உடம்பெல்லாம் புசுபுசுன்னு முடி. ரூம்மேட் "டேய், டாரன்டுலாடா!"ன்னு கத்தினான். நான் யோசிக்கவே இல்ல, செருப்பால ஒரே அடி. அடிச்ச இடத்துலேர்ந்து கடுகு சைஸ்ல குட்டிங்க நாலாபக்கமும் சிதறி ஓடுச்சு. முடின்னு நாங்க நினைச்சது, அது முதுகுல சுமந்துட்டு வந்த பிள்ளைங்க. லாக் பார்க்காமலே ப்ராசஸை கில் பண்ணிட்டேன்.

முட்டைப் பையைப் பின்பக்கத்துல ஒட்டிக்கிட்டே திரிவதும், பொரிந்த குட்டிகளைச் சில நாள் முதுகில் ஏற்றிக்கொள்வதும் ஓநாய் சிலந்தியின் பழக்கம். டாரன்டுலா இப்படிக் குட்டிகளை முதுகுல சுமக்காது.

குட்டி இல்லன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? அளவை நம்பாதீங்க. பயத்துல பார்த்தா எல்லாமே உள்ளங்கை சைஸ்தான். பெரிய ஓநாய் சிலந்திக்கே உடம்பு மட்டும் சுமார் மூணு சென்டிமீட்டர்தான் இருக்கும்.

கண்ணைப் பாருங்க. ரெண்டுக்குமே எட்டுக் கண். ஓநாய் சிலந்திக்கு அது மூன்று வரிசை: கீழே சின்னதா நாலு, நடுவுல முன்னாடி பார்த்த மாதிரி பெருசா ரெண்டு, மேலே ரெண்டு. ராத்திரி போன் டார்ச்சை உங்க கண்ணுக்குப் பக்கத்துல வச்சு அடிச்சா, அந்தக் கண்கள் பளிச்சுன்னு மின்னும். டாரன்டுலாவுக்கு எட்டும் குட்டிக் கண்கள், தலைமேல ஒரு மேட்டுல ஒண்ணா குவிஞ்சிருக்கும்.

அடுத்தது கால். டாரன்டுலாவுக்குத் தடிமனான, நுனி மழுங்கிய கால். ஓநாய் சிலந்திக்கு நுனி நோக்கி மெலியும் கால், ஓட்டமும் வேகம். சுவத்துல தட்டையா, நண்டு மாதிரி கால் விரிச்சு நின்னா, அது ரெண்டுமே இல்ல, வேட்டைக்காரச் சிலந்தியா இருக்கலாம்.

ஓநாய் சிலந்தி தானா வந்து கடிக்காது. பிடிச்சு நசுக்கினா கடிக்கும். பொதுவா வலியும் வீக்கமும் வந்து அடங்கிடும். நம்ம மலைக்காடுகளில் மரப்பொந்துகளில் வாழும் டாரன்டுலாக்கள் கடிச்சா, தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கலாம். எது கடிச்சாலும் தொந்தரவு கூடினா டாக்டரைப் பாருங்க.

ஒரு வேடிக்கை: டாரன்டுலாங்கிற பேரே இத்தாலியின் டாரன்டோ ஊர்ல இருந்து வந்தது. அங்கே முதல்ல அந்தப் பேர் வாங்கினது ஒரு ஓநாய் சிலந்திதான்! அப்புறம்தான் பெரிய முடிச் சிலந்திகளுக்குப் போச்சு. வரலாற்றுப்படி பார்த்தா, ரூம்மேட் சொன்னது அவ்வளவு தப்பில்ல. நான் செஞ்சதுதான் தப்பு.

இப்போ கதவுப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு அட்டையும் வச்சிருக்கேன். மேலே கவுத்து, அடியில அட்டையைச் செருகி, வெளியே செடிப் பக்கம் விட்டா முடிஞ்சுது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.