இணையத்தில் பகிர்வதும் நூலகத்தில் பாதுகாப்பதும்

பாடசாலையொன்றின் பழைய நூற்றாண்டு மலர் நூலகர் ஒருவரின் கைக்குக் கிடைக்கின்றது. அதன் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அவர் முகநூலில் இடுகின்றார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர்கள் படங்களில் உள்ளவர்களை இனங்கண்டு பெயர் எழுதுகின்றனர். பத்து நாட்களில் அப்பதிவு பிற பதிவுகளுக்குக் கீழே மறைந்து விடுகின்றது. ஓராண்டின் பின்னர் அதே மலரைத் தேடும் ஆய்வு மாணவிக்கு அது அகப்படுவதில்லை. இது நாம் அனைவரும் அறிந்த நிலைமையே. நூலகர் செய்ததில் தவறில்லை. ஆனால் அவர் பாதிப் பணியையே செய்திருக்கின்றார்.

நூலகர்கள் புதிய இணையக் கருவிகளைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள சார்லொட் நகரப் பொது நூலகத்தில், ஹெலன் புளோவர்ஸ் என்பவர் 2006 இல் தமது ஊழியர்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்தார். ஒன்பது வாரங்களில் 23 விடயங்களைத் தாமாகவே செய்து பார்க்க வேண்டும் என்பதே அத்திட்டம். வலைப்பதிவு தொடங்குதல், பிளிக்கரில் படமிடுதல், விக்கியில் எழுதுதல், டெலிசியஸ் தளத்தில் முகவரிகளைச் சேமித்தல் என அது நீண்டது. விரிவுரை இல்லை, பரீட்சையும் இல்லை. முடித்தவர்களுக்கு எம்.பி.3 கருவியொன்று பரிசாகக் கிடைத்தது. இத்திட்டத்தை எவரும் எடுத்தாளலாம் என அந்நூலகம் அனுமதித்தமையால் பல நாடுகளின் நூலகங்கள் அதனைப் பின்பற்றின.

பகிர்வினால் விளையும் பயன் 2008 இல் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன்னிடமிருந்த பழைய புகைப்படங்களில் சுமார் 3,000 ஐப் பிளிக்கரில் வெளியிட்டது. படத்திலுள்ள கட்டடம் எது, நிற்பவர் யார் என்பதைப் பொதுமக்கள் எழுதினர். நூலகத்தார் அத்தகவல்களைச் சரிபார்த்துத் தமது பட்டியலிலேயே நூற்றுக்கணக்கான பதிவுகளைத் திருத்தினர். முகநூலில் மலரை இட்ட எமது நூலகர் செய்யாது விட்டது இதைத்தான். இலண்டனிலிருந்து வந்த பெயர்கள் முகநூலிலேயே தங்கிவிட்டன. நூலகத்தின் பதிவேட்டுக்கு அவை வந்து சேரவில்லை.

அன்று சார்லொட் நூலகத்தார் கற்ற கருவிகளின் பிற்காலம் வேறொரு பாடம். டெலிசியஸ் பல கைகள் மாறி, 2017 இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலையை அடைந்தது. பிளிக்கர் விற்கப்பட்டு, 2019 இல் இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என்ற வரம்பு வந்தது. அக்காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பெருமளவில் பயன்படுத்திய யாஹூ குழுமங்கள் 2020 டிசெம்பரில் மூடப்பட்டன. அங்கு நடந்த விவாதங்களில் எத்தனை எவரிடம் எஞ்சியுள்ளன? வணிக நிறுவனத்தின் தளம் நூலகத்தின் இறாக்கை ஆகாது. பெரிய நூலகங்களும் முற்றாகப் பாதுகாப்பானவை அல்ல. 2023 ஒக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிரித்தானிய நூலகத்தின் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன.

இதனை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. யாழ்ப்பாண வைபவமாலையை நாம் இன்றும் வாசிக்க முடிவது, அது முன்னரே அச்சேறிப் பல இடங்களில் பிரதிகளாக இருந்தமையாலாகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் இருந்த பதிவேடுகளும் புகைப்படங்களும் காணி உறுதிகளும் பெரும்பாலும் அங்கேயே விடப்பட்டன. அவற்றுக்கு மறுபிரதி என்று எதுவும் இருக்கவில்லை. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருந்து இரு சமூகங்களும் இழந்தவை ஏராளம். அந்த ஒரே இடம் இன்று முகநூலாக மாறியிருக்கின்றது, அவ்வளவுதான்.

ஆகையால் ஸ்கான் செய்த கோப்பை நூலகத்தின் கணனியில் ஒன்றாகவும், வேறொரு ஊரிலுள்ள நிறுவனத்தில் ஒன்றாகவும் வைத்த பின்னரே முகநூலில் இடுவது முறை. கோப்புடன் தலைப்பு, ஆண்டு, வெளியிட்டவர், எவரிடமிருந்து பெறப்பட்டது என்னும் நான்கு விபரங்களேனும் இருத்தல் வேண்டும். வட்ஸ்அப்பில் சுற்றிவரும் பி.டி.எப். கோப்புகளில் இவ்விபரங்களை நாம் கண்டது மிக அரிது.

இன்னொரு சிக்கல் எழுத்துரு. இலங்கையில் பல ஆண்டுகளாகப் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தமிழ் தட்டச்சிடப்பட்டது. அவ்வாறு சேமித்த கோப்பைத் தேடுபொறி தமிழாக உணராது. யுனிகோட்டுக்கு மாற்றினாலன்றி அது இருந்தும் இல்லாததே. பத்திரிகைகளாகிய நாமும் இக்குற்றத்திலிருந்து விடுபட்டவர்களல்லர். எமது பழைய இணையப் பக்கங்களை இன்று தேடுவோர் படும் பாடு எமக்குத் தெரியும்.

வழிகாட்ட முன்னுதாரணம் இல்லாமலில்லை. 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், விக்கி மென்பொருளைக் கொண்டே இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒழுங்குபடுத்தி வருகின்றது. சிறிய வாசிகசாலையொன்று சொந்தமாகத் தளம் அமைக்கத் தேவையில்லை. தன்னிடமுள்ளதன் பிரதியை இத்தகைய இடத்தில் சேர்ப்பித்தாலே போதும்.

எல்லாவற்றையும் பகிர்ந்துவிடலாம் என்றும் கொள்ளக் கூடாது. உயிருடன் இருப்போரின் பிறந்த திகதியும் முகவரியும் உள்ள பாடசாலைப் பதிவேட்டைப் பாதுகாக்கலாம், பகிரங்கப்படுத்தலாகாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கின்றது. எனவே அண்மைக் கால நூல்களுக்கு எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பெரும்பாலானோர் மறுப்பதில்லை. விற்காத பிரதிகள் கட்டிலின் கீழ்க் கிடப்பதைவிட எவரேனும் வாசிப்பது மேல் என்பதை அவர்கள் அறிவர். கேட்கும்போது கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் உள்ளனவா என்று சேர்த்துக் கேட்பது நல்லது. வீட்டைத் திருத்தும் வேளையில் முதலில் எரிக்கப்படுபவை அவைதாம்.