தோலில் தோன்றும் வலியற்ற கட்டி

கோரையின் தலையை மட்டும் அறுத்துவிட்டு எந்த உழவரும் நிம்மதி கொள்வதில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருப்பதை அவர் அறிவார். புற்றுநோய் தோலுக்குப் பரவுவதும் இதனையொத்ததே. மார்பகம், நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளில் பிறந்த நோயின் உயிரணுக்கள் இரத்தம் அல்லது நிணநீர் வழியே வந்து தோலில் முளைக்கின்றன. தோலிலேயே பிறக்கும் புற்றுநோய் வேறு, இது வேறு.

இதன் அடையாளங்கள் யாவை? பெரும்பாலும் வலியில்லாத, கெட்டியான முடிச்சு ஒன்றோ பலவோ தோன்றும். நிறம் தோலைப் போன்றோ சிவந்தோ இருக்கும். சில வாரங்களில் பெருகலாம்; நாளடைவில் புண்ணாகலாம். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயே இதற்குப் பெரிதும் காரணமாகிறது; அறுவைத் தழும்பின் அருகில், மார்பில் இது தோன்றுவதுண்டு. வயிற்றினுள் உள்ள நோய் சில வேளை தொப்புளில் முடிச்சாக வெளிப்படும். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இவ்வாறு நேரலாம்.

இதனைச் சூட்டுக் கட்டி என்றும், கொழுப்புக் கட்டி என்றும் எண்ணிப் பற்றுப் போடுவதிலும் சூடு வைப்பதிலும் காலம் கழிகிறது. கண்ணால் பார்த்து மட்டும் இதனை உறுதி செய்ய இயலாது. கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்தால், நோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்பதையும் பெரும்பாலும் அறியலாம். பின்னர் ஸ்கேன் எடுத்து, பரவிய அளவைக் கணிப்பர்.

சிகிச்சை, மூல நோயை ஒட்டியே அமையும்: உடல் முழுதும் செல்லும் மருந்து, ஹார்மோன் மருந்து, கதிரியக்கம், சில இடங்களில் அறுவை. முழுக் குணம் அரிதாயினும், நோயை அடக்கி நாட்களை நீட்டுவதும் வேதனையைத் தணிப்பதும் இயலும். புண்ணில் ஒட்டிய துணியை நனைத்தே எடுக்க வேண்டும். நாற்றத்தைக் குறைக்க மெட்ரோனிடசோல் உதவும். கடும் வலிக்கு மார்பின் உண்டு. இவற்றை மருத்துவர் சொற்படியே கொள்க. இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க. இந்நோய் தொற்றாது; நோயாளியைத் தனிப் பாயில் ஒதுக்குவது அறமன்று.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. திருமுடிவாக்கம், குன்றத்தூர் வட்டார அங்கத்தினர்களுக்கு அது எட்டிய தூரமே. காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதனையும், பழைய சிகிச்சைக் காகிதங்களையும் தவறாது எடுத்துச் செல்க.

தறி நிற்குமே, அறுவடை நெருங்குகிறதே என்று நாள் கடத்தற்க. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர் உடலில் புதிய கட்டி கண்டால், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுவது குடும்பத்தாரின் கடமையாகும்.