நேற்று வலை இழுத்தவர், இன்று டிரைவர்

காரைக்கால் கிளிஞ்சல்மேட்டு விசைப்படகு ஒன்றில் நேற்றுவரை வலை இழுத்தவரை முதலாளி கூப்பிட்டு, "இனிமே நீதான் டிரைவர்" என்கிறார். சுக்கான் பிடிக்க அவருக்கு ஏற்கெனவே தெரியும். கூட வரும் ஆட்களை நடத்தத்தான் தெரியாது. அந்த வேலை எப்படி இயங்குகிறது? கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை காய் நறுக்கியவர் இன்று தலைமைச் சமையல்காரர்.

முதலில் சாமான் பட்டியல். அரசலாற்று முகத்துவாரத் துறைமுகத்தில் டீசல், ஐஸ், குடிநீர், அரிசி எல்லாம் ஏறும். பந்தி நடுவில் எண்ணெய் தீர்ந்தால் கடைக்கு ஆள் அனுப்பலாம். நடுக்கடலில் கடை ஏது? அதனால் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகே டிரைவர் கயிற்றை அவிழ்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து, அடுப்புக்கு அடுப்பு ஆள் பிரிப்பது. வின்ச்சுக்கு ஒருவர், வலையின் மடியை அவிழ்க்க ஒருவர், மீனை ரகம் பிரித்து ஐஸில் அடுக்கச் சிலர், ராத்திரி காவலுக்கு முறை. வலை இறங்குமுன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்; எஞ்சின் சத்தத்தில் அப்புறம் கத்திப் பயனில்லை. ஒரு சங்கடமும் உண்டு. படகில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், வயதில் மூத்தவருக்கும் வேலை சொல்ல வேண்டும். "மாமா, வின்ச்சை நிறுத்துங்க" என்று தயங்காமல் சொன்னால் போதும், மாமா நிறுத்திவிடுவார்.

பிறகுதான் கஷ்டமான கட்டம். வலை ஏறும்போது பழைய கை துறுதுறுக்கும். சுக்கானை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிக்கத் தோன்றும். தலைமைச் சமையல்காரர் அரிவாள்மணையிலேயே உட்கார்ந்துவிட்டால் சாம்பார் அடிப்பிடிக்கும். டிரைவர் பார்க்க வேண்டியவை காற்று, நீவாடு என்னும் நீரோட்டம், பக்கத்துப் படகு, ஜிபிஎஸ்ஸில் தெரியும் எல்லைக்கோடு. 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வகுத்த கோடு அது. 2024 பிப்ரவரியில் இலங்கையின் ஊர்காவற்றுறை நீதிமன்றம், அந்தக் கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்ட ராமேசுவரம் மீனவர்களில் பெரும்பாலோரை ஒத்திவைத்த தண்டனையோடு விடுவித்தது; ஆனால் படகோட்டிய இருவருக்கு 6 மாதச் சிறை. மேலாண்மை வகுப்பில் 'பொறுப்பு' என்று பலகையில் எழுதிப் போடுவார்கள், இங்கே அதற்குச் சிறைக்கதவே உண்டு. ஆகவே "இன்னும் ஒரு இழுப்பு" என்று படகே கேட்டாலும், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வலை கிழிந்தால் முதலில் தைப்பது, தவறு செய்தவரிடம் அப்புறம் பேசுவது, அதையும் தனியாகப் பேசுவது.

கடைசியில் கணக்கு. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதிதான் முதலாளிக்கும் ஆட்களுக்கும் பங்கு. விகிதம் படகுக்குப் படகு மாறும். டிரைவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதனாலேயே எல்லார் கண்ணும் அவர்மேல் இருக்கும். எனவே ஏல விலையையும் செலவுச் சீட்டையும் அத்தனை பேர் முன்னாலும் வாசித்துவிட வேண்டும். கடலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கணக்கை மறைப்பவரின் பேச்சு அடுத்த கடல் பயணத்தில் எடுபடாது என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் பாக்கி இல்லாதவர் அப்போது வேறு படகு பார்த்துக்கொள்ளலாம். அதனால் கரையில் வலை தைக்கும்போதே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுவது நல்லது: மறுபடி வருகிறீர்களா, வரவில்லை என்றால் ஏன்?